மாடிச் சூட்டுக்கு ஒரு விதி இருக்கிறது: எகோ நிவாஸ் சம்ஹிதா, மதுரைக் கணக்கில்

மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் பாத்ரூம் டைல்ஸ் எடுக்க நாலு கடை ஏறி இறங்குவார்கள். மொட்டை மாடிக்கு மேல் என்ன போடுவது என்ற பேச்சு மட்டும் கடைசி வாரத்தில்தான் வரும். அதற்குள் கையில் இருந்த காசும் கரைந்திருக்கும். சித்திரை வெயிலில் கிரகப்பிரவேசம் முடித்து முதல் ராத்திரி படுத்ததும்தான் தெரியும், பத்து மணிக்கும் கூரை கொதிக்கிறது என்று.

கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு மத்திய அரசு ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த விதித்தொகுப்பின் பெயர் எகோ நிவாஸ் சம்ஹிதா. மத்திய மின்சார அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்டது. தயாரித்தது பிஇஇ, அதாவது ஏசியிலும் ஃப்ரிட்ஜிலும் நட்சத்திரம் ஒட்ட வைக்கிற அதே அமைப்பு.

முதலில் இது யாருக்குப் பொருந்தும் என்று பார்த்துவிடலாம். 2018-இல் வந்த விதிப்படி, 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனையில் கட்டும் குடியிருப்புகளுக்குத்தான். நம் கணக்கில் அது 12 சென்டுக்குச் சற்று மேல். மாநில அரசும் உள்ளாட்சியும் விரும்பினால் அந்த வரம்பைக் குறைத்துக்கொள்ளலாம். விதியைத் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்து நடைமுறைப்படுத்துவதும் அவர்கள் பொறுப்பு. ஒத்தக்கடை பக்கமோ நாகமலை புதுக்கோட்டை பக்கமோ மூணு சென்ட் வாங்கிக் கட்டுகிறவருடைய மனை 120 சதுர மீட்டர்தான் வரும். ஆக, 500 சதுர மீட்டர் கணக்குப்படி பெரிய அடுக்குமாடிகள் உள்ளே வரும், நம் வீடு வராது.

அப்புறம் இதை எதற்குப் படிக்க வேண்டும்? கூலிங் டைல்ஸ், கூலிங் பெயிண்ட், தெர்மோகோல் என்று ஆளாளுக்கு ஒன்றைக் காட்டி "பத்து டிகிரி குறையும் சார்" என்கிறார்கள். எங்கே குறையும், கூரையின் மேலேயா அறைக்குள்ளேயா, எந்த நேரத்தில் என்று கேட்டால் பதில் வராது. இந்த விதியில் உள்ள ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் அந்தப் பேச்சை நாமே எடைபோடலாம். எனக்கு இந்த விதியில் உபயோகமாகத் தெரிவது அதுதான்.

அந்த எண் 1.2. கூரையின் யு மதிப்பு இதைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. வெளியே ஒரு டிகிரி கூடுதல் சூடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே இறங்கும் என்பதுதான் யு மதிப்பு. எண் குறையக் குறைய நல்லது.

ஐந்து அங்குல காங்கிரீட் கூரை, அடியில் பூச்சு மட்டும் இருந்தால் யு மதிப்பு 3-க்கு மேல் போகும். அதன் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, தட்டோடு பதித்தால் 2.2, 2.3 என்று இறங்கும். நம் பழைய கொத்தனார்கள் செய்தது வீண் வேலை இல்லை. ஆனால் 1.2-ஐத் தொட அது மட்டும் போதாது. அதோடு 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் போர்டு, அதாவது தெர்மோகோல் வகையிலேயே கெட்டியான இன்சுலேஷன் பலகை சேர்ந்தால் யு மதிப்பு 0.85 அளவுக்கு வந்துவிடும். 50 மில்லிமீட்டர் போட்டால் 0.5 அளவுக்கு இறங்கும். முதல் ஒரு அங்குலம் தருகிற பலனை இரண்டாவது அங்குலம் தராது என்பதைக் கவனியுங்கள். மூணு சென்ட் வீட்டுக்கு ஒரு அங்குலமே போதும் என்பது என் கருத்து. மிச்சக் காசை ஜன்னலில் போடலாம்.

இந்த எண்களை ஏசி கணக்காக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 600 சதுர அடி கூரை என்பது 56 சதுர மீட்டர். வெயில் நேரத்தில் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். யு மதிப்பு 3 என்றால் 3,360 வாட் உள்ளே வரும். ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3,500 வாட் வெப்பம். அந்த ஏசி ஏறக்குறைய முழுசும் கூரைக்கே சரியாகிவிடும். 1.2 என்றால் 1,344 வாட்தான்.

கடையில் கேட்க வேண்டியவை இரண்டு: போர்டின் கே மதிப்பு (அந்தப் பொருள் வெப்பத்தை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்ற எண்) என்ன, தடிமன் என்ன? தடிமனை மீட்டரில் எழுதி கே மதிப்பால் வகுத்தால் அதன் தடுப்புத் திறன் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் என்றால் 0.025. கே மதிப்பு 0.034 என்றால் விடை 0.73. வெறும் காங்கிரீட் கூரை 1.2-க்கு இறங்க 0.6 சேர்ந்தால் போதும். கே மதிப்பைச் சொல்ல முடியாத பொருளை வாங்க வேண்டாம்.

இதே கணக்கைக் கூலிங் டைல்ஸுக்குப் போட்டால் விடை கிட்டத்தட்ட பூஜ்யம். பெயிண்டுக்கும் அப்படித்தான். அதற்காக அவை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கூரை அவ்வளவு சூடாவதே இல்லை. யு மதிப்பு அதை அளப்பதில்லை, இறங்கும் சூட்டைத் தடுப்பதை மட்டுமே அளக்கிறது. ஒரு சிக்கல், நம் ஊர்ப் புழுதியில் வெள்ளை ரொம்ப நாள் வெள்ளையாக இருக்காது. வருஷா வருஷம் கோடைக்கு முன் கழுவி அடிக்கத் தயார் என்றால் சுண்ணாம்பே நல்ல பலன் தரும். கட்டி முடித்த பழைய வீட்டுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான்.

போர்டைக் கூரைக்கு மேலே போடுவதே சரி. அடியில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்தால் காங்கிரீட் பகல் முழுக்கச் சூடேறிக்கொண்டேதான் இருக்கும். முதலில் வாட்டர் ப்ரூஃபிங், அதன் மேல் போர்டு, அதன் மேல் வாட்டம் பார்த்துக் கலவை, கடைசியில் ஓடு. சாதாரணத் தெர்மோகோல் மிதித்தால் அமுங்கும், தண்ணீரும் குடிக்கும். எக்ஸ்பிஎஸ் கொஞ்சம் விலை கூட, ஆனால் பாரம் தாங்கும்.

ஜன்னலுக்கும் விதி உண்டு. மதுரை வெப்பமும் ஈரப்பதமும் உள்ள மண்டலத்தில் வருகிறது. இங்கே திறக்கக்கூடிய பரப்பு, வீட்டின் கார்பெட் பரப்பில் (சுவர் நீக்கிய உள்பரப்பில்) 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 600 சதுர அடிக்கு 100 சதுர அடி. வெளிப்பக்கம் திறக்கும் கதவும் இதில் சேரும். ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதால் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். கதவு போலத் திறக்கும் பழைய மாதிரிக்கு 90 சதவீதம். கொசுவுக்குப் பயந்து ஆறு மணிக்கே எல்லாவற்றையும் சாத்திவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது, வலை அடித்துவிடுங்கள். சுவருக்கும் தனி வரம்பு இருக்கிறது, அதை இன்ஜினியர் பார்த்துக்கொள்வார். மேற்குச் சுவரில் ஜன்னல் சின்னதாகவும் சன்ஷேடு நீளமாகவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

எகோ நிவாஸ் சம்ஹிதாவில் மானியம் கிடையாது, அது வெறும் விதி. மானியம் வேண்டுமென்றால் 2024-இல் தொடங்கிய பிஎம் சூர்யகர் திட்டம் இருக்கிறது. மாடியில் சோலார் பேனல் வைக்க முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 வரை தருகிறார்கள். சொந்த வீடும் மின் இணைப்பும் இருக்க வேண்டும், சோலாருக்கு ஏற்கெனவே மானியம் வாங்கியிருக்கக் கூடாது. இந்தியாவில் தயாரான பேனலாக இருக்க வேண்டும். பேனல் ஓட ஆரம்பித்த பிறகுதான் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். கூரைக்குக் கிடைக்கும் நிழல் உபரி லாபம். இரண்டையும் செய்கிற எண்ணம் இருந்தால், பேனல் நிற்கும் கால்களை முதலில் காங்கிரீட்டில் பதித்துவிட்டு அப்புறம் வாட்டர் ப்ரூஃபிங்கும் போர்டும் போடச் சொல்லுங்கள். ஓடு பதித்த பிறகு டிரில் போட்டால் மழைத்தண்ணீர் நேரே போர்டுக்கு அடியில் இறங்கும், ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க மொத்தத் தளத்தையும் பெயர்க்க வேண்டியிருக்கும்.