சுவாலைச் சோதனைக்கு மதுசாரம் ஊற்றாதீர்கள்

பதினெட்டு வருடமாக மட்டக்களப்பில் உயர்தர இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கண்வெட்டாமல் பார்ப்பது, உப்பைச் சுடரில் காட்டி அதிலுள்ள உலோகத்தை நிறத்தால் அறியும் சுவாலைச் சோதனையைத்தான். இலிதியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், பொற்றாசியம் மெல்லிய ஊதா, கல்சியம் செங்கல் நிறம், பேரியம் இளம் பச்சை. சூட்டில் மேலே ஏறிய இலத்திரன் திரும்ப இறங்கும்போது ஒளியை விடுகிறது என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் மனதில் ஏறாதது அந்த ஒரு நிமிடத்தில் ஏறிவிடும். ஆகவே கட்டாயம் செய்யுங்கள். மெதனோல், ஸ்பிரிட் போன்ற மதுசாரம் ஊற்றிச் செய்யாதீர்கள், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். உச்சி வெயிலில் மேசை, அதில் ஆறு கிண்ணம், ஐந்தில் மெதனோல் ஊற்றிய உப்புகள், ஒன்றில் ஒப்பிடுவதற்காக வெறும் மெதனோல். வானவில் மாதிரி எரிந்தது, சுற்றிவரப் பிள்ளைகள். வெறும் மெதனோல் கிண்ணம் அணைந்துவிட்டது என்று நினைத்த தம்பி ஒருவன் பெரிய மெதனோல் போத்தலைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் குனிந்தான். "பொறு மகன், போத்தலை அங்கால வை" என்று கத்திவிட்டு, காகிதத் துண்டு ஒன்றை நீட்டிப் பிடித்துக் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோனேன். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் காகிதத்தின் நுனி கறுத்தது, சுருண்டது, அப்புறம் பற்றியது. "எரியுதா சேர்? எனக்குத் தெரியவே இல்லையே" என்று நடுங்கிப்போனான்.

மெதனோல் மங்கலான நீலத்தில் எரியும், வெயிலில் அது தெரியாது. அதன் ஆவி சுமார் 11 பாகை செல்சியசிலேயே பொறி பட்டால் தீப்பற்றும்; நம் ஊரில் மார்கழி மழையில்கூட அந்தக் குளிர் வராது, அதாவது திறந்த மெதனோல் போத்தலின் வாயில் எப்போதும் தீப்பிடிக்கக்கூடிய ஆவி நிற்கிறது. எரிகிற கிண்ணத்தில் ஊற்றினால் தீ போத்தலுக்குள் ஓடி, உள்ளிருப்பதைப் பீறிட்டு வெளியே தள்ளும். அது போத்தலின் வாய் பார்க்கும் திசைக்குப் போகும். பெரும்பாலும் அங்கே முன்வரிசைப் பிள்ளை உட்கார்ந்திருக்கும். அமெரிக்காவில் மாணவர்கள் பலர் இப்படி மோசமாக எரிந்த பிறகு, 2014இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் பாதுகாப்புக் குழு மெதனோல் வைத்து இதைச் செய்வதை நிறுத்தச் சொன்னது. ஸ்பிரிட் என்றாலும் இதே ஆபத்துத்தான்.

ஜெர்மன் விஞ்ஞானிகளான பன்சனும் கிர்க்கோஃபும் 1860இல் சீசியம், 1861இல் உருபீடியம் என்ற மூலகங்களைக் கண்டுபிடித்தது நிறமில்லாத சுடரில் ஒரு துளி உப்பைக் காட்டி, வந்த ஒளியை, நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்த்துத்தான். நமக்கும் கம்பி நுனியில் எடுத்துச் சுடரில் காட்டும் ஒரு துளி போதும். பிளாற்றினம் கம்பி இல்லையென்றால் நிக்குரோம் (நிக்கல், குரோமியக் கலப்புலோகம்) கம்பி வாங்குங்கள், பழைய மின்னடுப்புச் சுருளும் பெரும்பாலும் அதுதான். அதுவும் கிடைக்காவிட்டால் ஐஸ்குச்சியை உப்புக் கரைசலில் இரவு முழுக்க ஊறவைத்து, ஒற்றைக் காஸ் அடுப்பின் நீலச் சுடரில் சில விநாடி காட்டினால் நிறம் வரும். குச்சி எரிய முன் எடுத்துத் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

கம்பியைச் செறிந்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சூடாக்குவது துப்புரவுக்கு. அமிலம் பட்ட உப்பு குளோரைட்டாகி இலகுவாக ஆவியாவதால் நிறமும் நன்றாக வரும். அமிலத்தைச் சிறு கிண்ணத்தில், அதுவும் ஆசிரியரின் கையில் மட்டும் வையுங்கள். விரல் பட்ட கம்பி மஞ்சளாகத்தான் எரியும், வியர்வையில் இருக்கும் சோடியமே போதும்! பொற்றாசியத்தின் ஊதா அந்த மஞ்சளில் மறைந்தால் நீலக் கோபாற்றுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பேரியம் குளோரைட்டு நஞ்சு, தொட்டால் கை கழுவ வேண்டும்.

டையைச் சட்டைக்குள் செருகச் சொல்லுங்கள், பின்னலைக் கட்டச் சொல்லுங்கள், பர்தா அணிந்த பிள்ளைகள் தொங்கும் நுனியை ஊசி குத்திக்கொள்ளட்டும். எரிகிற ஸ்பிரிட் விளக்கில் ஒருபோதும் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, மறுகா நிரப்புங்கள்.

யாருக்காவது எரிந்தால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை பூசக்கூடாது, ஐஸ் வைக்கக்கூடாது, தோலில் ஒட்டிய துணியை இழுக்கக்கூடாது. அப்படியே சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.