முள்ளோந்தி

ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் உள்ள மணற்பாலைகளில், ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வரை மட்டுமே வளரும், உடலெங்கும் முள் நிறைந்த ஊர்வன ஒன்று வாழ்கிறது. 'தார்னி டெவில்' என்னும் ஆங்கிலப் பெயரைப் பின்பற்றி அதைத் தமிழில் முட்பிசாசு என்றோ, பொதுவாக முட்பல்லி என்றோ எழுதிவிடுவது எளிது; இரண்டும் பொருந்தா.

பிசாசு என்னும் எண்ணம் அறிவியற் பெயரிலேயே இருக்கிறது. 1841இல் விலங்கியலாளர் ஜான் எட்வர்டு கிரே இதற்கு 'மோலோக் ஹாரிடஸ்' எனப் பெயரிட்டார். மோலோக் என்பது குழந்தைகளைத் தீயில் பலிகொண்டதாகச் சொல்லப்படும் கானானியத் தெய்வம். தமிழ் விவிலியம் அதை 'மோளேகு' என்கிறது. 'ஹாரிடஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு அச்சந்தருவது என்னும் பொருளோடு, சிலிர்த்து நிற்பது என்னும் மூலப்பொருளும் உண்டு. முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்ப்பதையும் அச்சத்தால் மெய் சிலிர்ப்பதையும் ஒரே சொல்லால் குறிக்கும் தமிழருக்கு இந்த இரட்டைப் பொருள் எளிதில் விளங்கும்.

பெயர் இப்படி மிரட்டினாலும் இவ்வுயிர் தின்பது எறும்புகளை மட்டுமே. பகை நெருங்கினால் தலையை முன்கால்களுக்கிடையே தாழ்த்தி, பிடரியிலுள்ள பொய்த்தலை போன்ற திமிலைக் காட்டும். செதில்களுக்கிடையே ஓடும் நுண்ணிய கால்வாய்கள், ஈரமணலிலும் பனியிலும் உள்ள நீரை நுண்புழை ஈர்ப்பால் வாய்வரை கொண்டுசேர்க்கின்றன. நிற்கும் இடத்திலேயே தோலால் நீரருந்தும் இத்தகைய உயிரைப் பிசாசு என்பது பெரும் அநீதி. அந்த மண்ணின் பழங்குடிகளான அன்மத்தியர் மக்களோ இதை 'அர்ன்கெர்த்' என்னும் மூதாதையாகப் போற்றுகின்றனர்.

பல்லி என்பதும் தவறே, ஏனெனில் இது நம் வேலியோர ஓணான் சேர்ந்த அகாமிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஓணானுக்கு ஓந்தி, ஓதி என்னும் பழம்பெயர்கள் உண்டு. குறுந்தொகையின் 140ஆம் பாடல், பாலை வழியில் தென்படும் முதிய ஆணோந்தியை 'வேதின வெரிநின் ஓதிமுது போத்து' என்கிறது. வேதினம் கருக்கரிவாள், வெரிந் முதுகு. முதுகின் முள்வரிசையை அரிவாட் பல்லாகக் கண்ட அந்தக் கண்ணுக்கு இவ்வுயிரும் ஓதியாகவே தெரிந்திருக்கும். ஆகவே முள், ஓந்தி இரண்டும் புணர்ந்த 'முள்ளோந்தி' என்பதே தகுந்த பெயர். சிறுவர் நூல்களில் 'முள்ளோணான்' என்றும் எழுதலாம். ஆனால் வட அமெரிக்கப் பாலைகளில் எறும்பு தின்று வாழும் கொம்புடைய ஊர்வனவற்றுக்கு இப்பெயரை நீட்டக்கூடாது. அவை வாழ்முறையால் ஒத்த தோற்றம் பெற்றவையேயன்றி இதே குடும்பத்தவை அல்ல.