பழைய அம்பாசடரில் இசுசூ எஞ்சின்: சார்ஜ் லைட்டை மறக்காதீர்கள்

டைனமோ காலத்து அம்பாசடரில் 1.8 லிட்டர் இசுசூ எஞ்சினை இறக்கி உட்கார வைத்தாயிற்று, செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட்டும் ஆகிறது. ஆனால் பேட்டரி மட்டும் சார்ஜ் ஏற மறுக்கிறது. பெரும்பாலானோர் உடனே ஆல்டர்னேட்டரை, அதாவது டைனமோவுக்குப் பதிலாக இந்த எஞ்சினில் பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவியைக் கழற்றுவார்கள். நான் முதலில் டேஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் லைட்டைத்தான் பார்ப்பேன்.

டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் எப்போதும் மிச்சமிருக்கும். சுற்றினால் போதும், அதுவே கரண்ட் கொடுக்கத் தொடங்கும். ஆல்டர்னேட்டரின் உள்ளே சுழலும் பாகமான ரோட்டரில் அந்த மிச்சக் காந்தம் மிகவும் குறைவு, ஆரம்பத்தில் வெளியிலிருந்து யாராவது கரண்ட் கொடுக்க வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் அதைக் கொடுப்பது சார்ஜ் லைட்தான். சாவியைத் திருப்பியதும் பேட்டரி கரண்ட் சாவி வழியாக பல்புக்கும், அங்கிருந்து மெல்லிய வயர் ஒன்றின் வழியே ஆல்டர்னேட்டரின் 'எல்' முனைக்கும், ரோட்டருக்கும் போய் எர்த்தில் முடிகிறது. 2.2 வாட் பல்பு என்றால் சுமார் 0.18 ஆம்பியர். ரோட்டர் லேசாகக் காந்தமாக அது போதும். எஞ்சின் வேகம் பிடித்ததும் ஆல்டர்னேட்டர் தன் ரோட்டருக்குத் தானே கரண்ட் கொடுத்துக்கொள்ளும். அப்போது பல்பின் இரண்டு பக்கமும் வோல்டேஜ் ஏறக்குறைய சமமாகிவிடும், அதனால்தான் லைட் அணைகிறது.

ஆகவே பல்பு ஃபியூஸ் போயிருந்தாலோ, டைனமோவைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டியைத் தூக்கும்போது அந்த மெல்லிய வயர் விடுபட்டிருந்தாலோ சார்ஜிங் தொடங்காமலே போகலாம். அழகுக்காக எல்.இ.டி. போட்டாலும் இதே கதைதான், அதில் போகும் கரண்ட் போதாது. 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதற்கு இணையாகப் போட்டால் சரியாகிவிடும். 'ஐ.ஜி.' முனை தனியாக உள்ள வகைகளில் ரோட்டருக்கான கரண்ட் அந்த வழியே வரும். எந்த வகையானாலும் பல்பு இல்லாமல் 'எல்' முனையில் நேராக 12 வோல்ட் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் எரிந்துபோகலாம். பேட்டரி வோல்டேஜை அளந்து பார்க்கும் 'எஸ்' முனை இருந்தால் அதைப் பேட்டரி பாசிட்டிவுக்கே கொண்டுபோங்கள்.

அப்புறம் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் தடித்த வயர். லூகாஸ் சி40 டைனமோ கொடுத்தது 22 ஆம்பியர். அதற்குப் போட்ட வயரில் 60 ஆம்பியர் ஓட்டக் கூடாது. 4 சதுர மி.மீ. வயர் மூன்று மீட்டர் இருந்தால் அதிலேயே முக்கால் வோல்ட் போய்விடும், வயரும் சூடாகும். 16 சதுர மி.மீ. கேபிளை நேராகப் பேட்டரிக்கு இழுத்து, பேட்டரி பக்கத்தில் 80 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் பாடிக்குத் தனி எர்த் பட்டையும் கட்டாயம் வேண்டும்.

ஹெட்லைட்டைப் போட்டு எஞ்சினைக் கொஞ்சம் ரைஸ் பண்ணி, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஓடுகிற எஞ்சினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டயோடுகளையும் ரெகுலேட்டரையும் சேர்த்தே காலி செய்துவிடலாம்.