வாரண்டும் படுக்கையும் ஒன்றல்ல: இரவு ரயிலில் கொழும்பு போகிறவர்களுக்கு

எங்கள் அக்கா ஆசிரியர். ஒரு டிசம்பர் கடைசி வாரம், வருடம் முடிந்தால் வீணாகிவிடுமே என்று மிச்சமிருந்த ரயில் வாரண்டை (அரச ஊழியர் காசு கட்டாமல் ரயிலில் போகக் கொடுக்கும் கடதாசி) எடுத்துக்கொண்டு, அத்தானும் இரண்டு பிள்ளைகளுமாக மட்டக்களப்பு ஸ்டேசன் கவுண்டரில் போய் நின்றார். வாரண்ட் இருக்குத்தானே, படுத்துக்கொண்டு போகலாம் என்பது அவருடைய கணக்கு. விடியும்வரை சின்னவன் அத்தானின் மடியில் கிடந்ததுதான் மிச்சம்.

விஷயம் இதுதான். அரச ஊழியருக்கு வருடத்தில் 3 தடவை, தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் தன்னை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கும் போய்வர விடுமுறை வாரண்ட் உண்டு. கடமைக்குப் போக எழுதும் வாரண்ட் வேறு, இதில் சேராது. எந்த வகுப்பு என்பது உங்கள் சம்பளத்தையும் தரத்தையும் பொறுத்தது. ஆனால் வாரண்ட் கட்டணத்துக்கான கடதாசி மட்டும்தான். அதைக் கவுண்டரில் கொடுத்து டிக்கெட்டாக மாற்ற வேண்டும், இடம் பிடிப்பது தனி வேலை.

அப்புறம் படுக்கை. 'பேர்த்' என்பது முதலாம் வகுப்பு: கதவு பூட்டக்கூடிய சின்ன அறை, மேலே ஒன்று கீழே ஒன்று, மூலையில் கைகழுவும் பேசின். 'ஸ்லீப்பரெட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது சாய்கிற கதிரை, பெயரில் மட்டும்தான் நித்திரை இருக்கிறது. இரண்டாம் வகுப்பு வாரண்டை நீட்டி பேர்த் கேட்டால் கிடைக்காது. பேர்த் பெட்டியில் இடமும் கொஞ்சம்தான், அதுவும் பள்ளிக்கூட லீவு நாட்களில் சொல்லவே வேண்டாம். முன்பதிவு 30 நாளுக்கு முன்னால் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகக் கொடுத்து, பயணத்தில் அந்த அட்டையையே கையில் வைத்திருங்கள். வேறொருவர் பெயரில் எடுத்த சீட்டில் ஏறி ஏன் வீண் வாக்குவாதம்?

அம்பாறை மாவட்டத்துக்காரருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அங்கே தண்டவாளமே இல்லை. கல்முனையிலிருந்தே மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், அக்கரைப்பற்று இன்னும் தூரம். வாரண்ட் ரயிலுக்குத்தான், ஸ்டேசன்வரை பஸ்ஸுக்கோ வானுக்கோ உங்கள் காசு. இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நேரடியாகக் கொழும்பு பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறவர்கள் நிறையப் பேர், அதையும் பிழை என்று சொல்லமாட்டேன்.

கீழ்ப்படுக்கையை வயதானவருக்கு விடுங்கள், மேலே ஏற ஏணிதான். நடுச்சாமத்தில் ரயில் காட்டுக்குள் ஊர்ந்தால் திட்டாதீர்கள், யானைகளுக்காகத்தான்: 2025 பெப்ரவரியில் இந்தப் பாதையிலேயே கல்லோயாப் பக்கம் யானைக் கூட்டத்தில் ரயில் மோதி 6 யானைகள் செத்தன. இப்படி ரயில் பிந்தலாம், அதனால் காலையில் கொழும்பு கோட்டை ஸ்டேசனில் இறங்கியவுடனே ஆஸ்பத்திரி கிளினிக், இன்டர்வியூ என்று நேரம் குறித்துவைத்திருந்தால் முதல்நாளே போய்விடுவது நல்லது.