சைட்கிக்: தமிழில் யார்?

பழைய அமெரிக்க கௌபாய் தொடர்களைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும் எவரும் இந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொள்வார்கள். நாயகன் முன்னால் குதிரையில் போகிறான். ஒரு குதிரை நீளம் பின்னால் இன்னொருவன் ஏதோ முணுமுணுத்தபடி வருகிறான். அவன்தான் சைட்கிக். தமிழில் இவனை நண்பன் என்கிறோம், உதவியாளர் என்கிறோம். கொஞ்சம் கேலியாகச் சொல்ல வேண்டுமென்றால் எடுபிடி, அல்லக்கை. நான்குமே அவனுக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் சொல் ஒன்று தமிழில் ஏற்கெனவே இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கு முன் இந்த ஆள் யார், என்ன செய்கிறான் என்று பார்த்துவிடலாம்.

கௌபாய் தொடர்களில் மிக நீண்ட காலம் ஓடியவற்றுள் ஒன்று ‘கன்ஸ்மோக்’. 1955 முதல் 1975 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் 20 சீசன், 635 எபிசோட். கதை நடப்பது கன்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில். அங்கே சட்டத்தைக் காக்கும் மார்ஷல் மேட் டில்லனாக ஜேம்ஸ் ஆர்னெஸ் நடித்தார். கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயரம், அளந்துதான் பேசுவார், சிரிப்பதும் அபூர்வம். இப்படி ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு வாராவாரம் கதை சொல்வது கஷ்டம். அவர் மனதில் ஓடுவதைப் பேச்சாக வெளியே கொண்டுவர ஒருவன் வேண்டும். முதல் ஒன்பது சீசனில் அந்த வேலையைச் செய்தது செஸ்டர். விறைத்த காலை இழுத்து இழுத்து நடப்பான். இடுப்பில் பெரும்பாலும் துப்பாக்கி இருக்காது. மார்ஷல் ஆபீசில் காபி போடுவது அவன்தான். ‘மிஸ்டர் டில்லன்!’ என்று இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டு கதவைத் திறப்பான். ஊரில் ஏதோ வம்பு என்று பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

செஸ்டராக நடித்த டென்னிஸ் வீவர் உண்மையில் தேர்ந்த தடகள வீரர். 1948 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் டெகாத்லானில் ஆறாவதாக வந்தவர். அப்படிப்பட்டவர் ஏன் நொண்ட வேண்டும்? துணைக்கு வருபவன் முழு உடல் வலுவோடு இருந்தால், சண்டை வரும்போது அவனும் ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி வரும். அதை அடைக்க அவருக்கு ஒரு குறை தேவைப்பட்டது. கால் விறைப்பை வீவரே தேர்ந்தெடுத்தார். நாயகனாக வந்த ஆர்னெஸுக்கோ நிஜமாகவே காலில் காயம். 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் பட்ட அடி வாழ்நாள் முழுவதும் அவரைப் படுத்தியது. நல்ல கால் உள்ளவர் நொண்ட, காயம் பட்டவர் நிமிர்ந்து நடந்திருக்கிறார். சைட்கிக் என்ற பாத்திரத்துக்குள் எவ்வளவு யோசனை போகிறது என்பதற்கு இந்த ஒன்று போதும். வீவருக்கு 1959இல் எம்மி விருதும் கிடைத்தது.

வீவர் 1964இல் விலகினார். அந்த இடத்துக்கு வந்தவன் ஃபெஸ்டஸ் ஹாகன். முதலில் 1962இல் ஒரே ஒரு எபிசோடுக்கு வந்து போன மலைநாட்டு ஆள், பிறகு தொடர் முடியும்வரை நிலைத்துவிட்டான். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுவான். எழுதப் படிக்கத் தெரியாது. ரூத் என்ற கோவேறு கழுதைதான் வாகனம். நடித்த கென் கர்ட்டிஸ் அதற்கு முன் நல்ல பாடகராகப் பெயர் வாங்கியவர். கரகரத்த அந்த மலைநாட்டுக் குரல் அவர் தாமே உருவாக்கிக்கொண்டது. ஊரே மார்ஷல் என்றும் மேட் என்றும் கூப்பிடும் ஆளை ஃபெஸ்டஸ் மட்டும் ‘மேத்யூ’ என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அந்த ஒரு அழைப்பிலேயே அவனுக்குள்ள உரிமை தெரிந்துவிடும்.

நகைச்சுவை எபிசோடுகள் பிறந்தது இங்கேதான். பின்னாளைய சீசன்களில் ஆர்னெஸ் படப்பிடிப்புக்கு வரும் நாட்களைக் குறைத்துக்கொண்டார். மார்ஷல் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, கதையை மற்றவர்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்போது ஃபெஸ்டஸும், மில்பர்ன் ஸ்டோன் நடித்த டாக்டர் ஆடம்ஸும் மேடையைப் பிடித்துக்கொள்வார்கள். லாங் பிராஞ்ச் சலூனில் ஒரு மேசை. டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். ஃபெஸ்டஸ் வந்து எதிரே உட்காருகிறான். அவனுக்கு ஒரு பீர் வேண்டும், காசு கிடையாது. வானிலை, கழுதை, உறவுக்காரன் எவனுக்கோ வந்த வயிற்றுவலி என்று ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறான். டாக்டர் உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை வழித்துவிட்டுக்கொண்டு அவனைப் பார்க்கிறார். எப்படியும் வாங்கிக் கொடுக்கத்தான் போகிறார். அதற்கு முன் திட்டியாக வேண்டும். இருவருக்கும் நடுவில் துப்பாக்கியும் இல்லை, வில்லனும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

‘பொனான்ஸா’வில் கதை வேறு. 1959 முதல் 1973 வரை என்பிசியில் ஓடிய தொடர். பாண்டரோசா என்ற பெரும்பண்ணையில் ஒரு தகப்பன், மூன்று மகன்கள். நடு மகன் ஹாஸ் மலை மாதிரி இருப்பான், மனசு பச்சைப்பிள்ளை. கடைக்குட்டி லிட்டில் ஜோ சதா ஏதாவது திட்டத்தோடு அலைவான். ஜோ மாட்டிவிடுவான், ஹாஸ் மாட்டிக்கொள்வான், கடைசியில் இருவரும் சேர்ந்து அப்பாவின் முன் தலைகுனிந்து நிற்பார்கள். இதை வைத்தே வருடத்துக்கு ஒன்றிரண்டு சிரிப்பு எபிசோடு எடுத்துவிடுவார்கள். 1963 டிசம்பரில் வந்த ஒன்றில், காட்டில் கரடியிடம் சிக்கிய பச்சை உடுப்புக் குள்ளமனிதர் ஒருவரை ஹாஸ் காப்பாற்றுகிறான். அங்கே ஒரு பெட்டி நிறையத் தங்கமும் கிடைக்கிறது. வீட்டில் வந்து சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி ஹாஸ் படும் பாடுதான் முக்கால்வாசி எபிசோடு. ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் நாடகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர், நடிக்க வருமுன் பள்ளி ஆசிரியர். வெகுளியை நடிப்பது எவ்வளவு கடினம் என்று அவரைப் பார்த்தால் தெரியும்.

ஹாஸும் ஜோவும் சைட்கிக் உறவா? இல்லை. இருவரும் சரிசமம்; ஒருவன் இன்னொருவனுக்குத் துணையாகப் படைக்கப்படவில்லை. இதைத்தான் ஆங்கிலத்தில் பட்டி (buddy) என்பார்கள். அது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் எழுத்துக்கு வந்த சொல். சகோதரன் என்பதைக் குறிக்கும் பிரதர் என்ற சொல்லைக் குழந்தை வாயில் சிதைத்ததாகக் கொள்வோர் உண்டு. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் கூட வேலை செய்பவனைக் குறித்த ‘பட்டி’ (butty) என்ற வட்டாரச் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எதுவானாலும் சரி, தமிழில் இதற்கு அலைய வேண்டியதில்லை. கூட்டாளி இருக்கிறது; தென்மாவட்டக்காரர்களுக்குச் சேக்காளி இருக்கிறது; இலங்கையில் கூட்டாளி இன்றும் வீட்டுக்கு வீடு புழங்கும் சொல். ஹாஸும் ஜோவும் கூட்டாளிகள். முடிந்தது.

சைட்கிக் அப்படி எளிதில் முடியாது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் முதலில் இருந்தவை சைட்-பார்ட்னர், சைட்-பால் என்ற இரண்டும். 1880களிலேயே அவை உண்டு. பக்கத்தில் நிற்கும் பங்காளி, பக்கத்துத் தோழன் என்று பொருள். 1900களின் தொடக்கத்தில் சைட்-கிக்கர் என்ற வடிவம் வருகிறது, ஓ. ஹென்றி 1904இல் கூட்டாளி என்ற பொருளில் அதை எழுதியிருக்கிறார். வால் தேய்ந்து சைட்கிக் ஆனது அதே காலத்தில்தான். பக்கம் என்பது புரிகிறது, உதை எங்கிருந்து வந்தது? அகராதிக்காரர்கள் பிறப்பு தெரியாத சொல் என்றே பதிகிறார்கள்.

ஆனால் ஊரில் சுற்றும் கதை ஒன்று உண்டு. திருடர் பாஷையில் கிக் என்றால் கால்சட்டைப் பை. பின்பையில் கைவிடுவது சுலபம். தொடையை ஒட்டிய பக்கப் பையில் கைவிட்டால் மாட்டிக்கொள்வோம். எனவே பத்திரமான பக்கப் பைக்குச் சைட்கிக் என்று பெயர்; பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும் தோழனுக்கும் அதுவே பெயராயிற்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பை நண்பனாக மாறிய இடத்தைக் காட்டும் எழுத்துச் சான்று இல்லை. பார்ட்னர், பால் என்ற சொற்களின் தலையில் முன்பே ஏறியிருந்த ‘பக்கம்’தான் கிக்கர் தலையிலும் ஏறியது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆக, இந்தச் சொல்லின் உயிர் பக்கம் என்ற பாதியில்தான் இருக்கிறது.

இனி தமிழ். எடுபிடி சொன்னதை எடுத்துக்கொடுப்பவன். அவனுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. கையாள் என்றாலே இருட்டு வேலைக்கு ஏவப்படுபவன். அல்லக்கை வசவு. உதவியாளர் சம்பளப் பட்டியலில் இருப்பவர். தோழன் அழகான சொல், ஆனால் இருவரையும் ஒரே உயரத்தில் வைத்துவிடுகிறது. கதை ஒருவனுடையது, மற்றவன் அவன் பக்கத்தில் நிற்பவன் என்ற ஏற்பாடு அதில் இல்லை.

நான் சொல்ல வரும் சொல் பாங்கன். பாங்கு, பாங்கர் என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவன் பாங்கன். அகப்பாட்டில் தலைவனின் தோழனுக்கு இதுவே பெயர். களவில், அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதலில், பேசும் உரிமை உடைய அறுவரில் ஒருவனாகத் தொல்காப்பியம் அவனை எண்ணுகிறது: ‘பார்ப்பான் பாங்கன் தோழி செவிலி’ என்று தொடங்கும் நூற்பா. அங்கே அவன் வேலை என்ன என்று பாருங்கள். தலைவன் ஒருத்தியைக் கண்டு மனம் குலைந்து திரிகிறான். பாங்கன் அனுதாபப்படுவதில்லை, திட்டுகிறான். உன்னைப் போன்றவனுக்கு இது அழகா என்று கேட்கிறான். இதற்குக் கழறல் என்று துறைப்பெயரே உண்டு. பிறகு, தலைவன் சொன்ன இடத்துக்குத் தானே போய் அவளைப் பார்க்கிறான். தலைவன் கலங்கியதில் தவறே இல்லை என்று ஒப்புக்கொண்டு திரும்பி வந்து உதவுகிறான். திட்டு, போய்ப் பார், உதவு. டாக்டர் ஃபெஸ்டஸுக்குச் செய்வதும், ஃபெஸ்டஸ் மேத்யூவுக்குச் செய்வதும் இதே வரிசைதான்.

குறுந்தொகையின் 58ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் பாங்கனை விளிப்பதே ‘இடிக்கும் கேளிர்’ என்றுதான். என்னை இடித்துரைக்கும் நண்பரே, முடிந்தால் இந்த நோயை நிறுத்துங்கள் பார்ப்போம் என்கிறான் தலைவன். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் வைத்திருக்கிறது. காவலுக்கு இருப்பவன் கையும் இல்லாத, வாயும் இல்லாத ஒருவன். கண்ணால் மட்டும் காக்கிறான். வெண்ணெய் உருகிப் பரவுகிறது. என் நோயும் அப்படிப் பரவிவிட்டது என்கிறான். எத்தனை துயரமான உவமை! திட்டுகிறவன் பக்கத்தில் இருப்பதால்தான் தலைவனால் இதைச் சொல்லவே முடிகிறது. வாய் பேசாத மேட் டில்லனுக்குச் செஸ்டர் தேவைப்பட்டதும் இதற்குத்தான். ‘நகுதற் பொருட்டன்று நட்டல்’ என்கிறார் வள்ளுவர். கௌபாய் தொடரின் பாங்கன் நகவும் வைப்பான், இடிக்கவும் இடிப்பான். இரண்டும் ஒரே வாயில் வரும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஆள் புதியவனும் அல்ல. சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்குக் கிட் கார்சனைத் தெரியும். அது இத்தாலியில் பிறந்த கௌபாய் கதைதான், ஆனாலும் ஆள் அதே ஆள்: நரைத்த தாடி, ஓயாத புலம்பல், ஆபத்து என்றால் முதல் தோட்டா அவனுடையது. கார்சனை எடுபிடி என்று சொன்னால் அந்த வாசகர்கள் சும்மா விடுவார்களா?

எல்லாச் சைட்கிக்குகளும் பாங்கர்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘லோன் ரேஞ்சர்’ தொடரில், 1949 முதல் 1957 வரை, முகமூடி நாயகனின் கூடவே வரும் டோன்ட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். நடித்தவர் ஜே சில்வர்ஹீல்ஸ், கனடாவின் ஆறு தேசங்கள் குடியிருப்பில் பிறந்த மோஹாக் பழங்குடி இனத்தவர்; கம்பீரமான நடிகர். அவர் வாயில் கொச்சையான அரைகுறை ஆங்கிலத்தைத் திணித்தார்கள். ஸ்பானிய மொழியில் டோன்ட்டோ என்றால் முட்டாள். அவன் நாயகனைக் காப்பாற்றுவான், உளவு பார்த்து வருவான், அடி வாங்குவான். இடித்துரைக்கும் உரிமை மட்டும் ஃபெஸ்டஸுக்குக் கிடைத்த அளவுக்கு அவனுக்குக் கிடைக்கவில்லை. ஆங்கிலம் இருவரையும் சைட்கிக் என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறது. தமிழில் நான் டோன்ட்டோவைத் துணையாள் என்றுதான் எழுதுவேன். பாங்கன் என்று எழுதினால் அந்தத் தொடர் அவனுக்குக் கொடுக்காத மரியாதையைக் கொடுத்ததாகப் பொய் சொன்னது போலாகும்.

அப்புறம், புழக்கத்தில் சிறு சிக்கல் ஒன்று. பாங்கர் என்று பன்மையில் எழுதினால் இன்றைய கண்ணுக்கு வங்கிக்காரர் தெரிவார். ‘மேவரிக்’ தொடரின் 1958 எபிசோட் ஒன்றில் இது நிஜமாகவே குழப்பும். சூதாடி பிரெட் மேவரிக்கின் 15,000 டாலரை ஊர் வங்கிக்காரர் ஏப்பம் விட்டுவிடுகிறார். பிரெட் தெருவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கத்தியால் மரக்குச்சியைச் சீவிக்கொண்டே இருக்கிறான். பணத்துக்கு என்ன வழி என்று கேட்பவர்களிடம், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்கிறான், ஊர் சிரிக்கிறது. அவன் சகோதரன் பார்ட்டும் பழைய கூட்டாளிகளும் ஒவ்வொருவராக வேறு வேறு வேடத்தில் வந்து இறங்கி, அந்த மனிதரின் பேராசையைக் கொண்டே பணத்தைக் கறந்துவிடுகிறார்கள். நாயகன் நாற்காலியை விட்டு எழாமலே கதை முடிகிறது. இந்த எபிசோடைப் பற்றி எழுதும்போது பிரெட்டின் ஆட்களைப் பாங்கன்மார் என்றும், ஏமாந்தவரை வங்கிக்காரர் என்றும் எழுதிவிட்டால் போதும்.