ராக்னார் எப்படி செத்தான்? வைக்கிங் தலைவர்கள் கதையில வரலாறையும் புராணத்தையும் பிரிக்கிற வேலை

845-ல ரெஜின்ஹெரின்னு ஒரு வைக்கிங் தலைவன் 120 கப்பலோட சீன் நதி வழியா ஏறி வந்து பாரிஸை சூறையாடினான். ஃபிராங்க் நாட்டு (இப்ப ஃபிரான்ஸ்) ராஜா வழுக்கை சார்லஸ் 7000 பவுண்ட் வெள்ளி குடுத்துதான் அவனை திருப்பி அனுப்ப முடிஞ்சது, ஆனா ரொம்ப நாள் இல்ல, ஏதோ கொள்ளைநோய் வந்து அவனும் அவன் ஆளுங்கள்ல நிறைய பேரும் செத்துப்போனாங்க. இதை எழுதி வச்சது அதே காலத்துல வாழ்ந்த துறவிகள். இப்ப நமக்கெல்லாம் தெரிஞ்ச ராக்னார் லோத்புரோக் கதைக்கு வாங்க. அவனும் பாரிஸை அடிச்சவன்னுதான் சொல்றாங்க, அதனால ரெஜின்ஹெரிதான் ராக்னார்னு நினைக்கிறவங்க உண்டு, ஆனா கதையில அவன் சாகறது இங்கிலாந்துல, அங்க வடக்குல இருந்த நார்த்தம்ப்ரியா நாட்டு ராஜா ஏல்லா அவனைப் பாம்புக்குழியில தள்ளிக் கொல்றான். ஏல்லா ஆட்சிக்கு வந்ததே 860-கள்லதான். 845-ல நோய்ல போன ஆளை சுமார் இருபது வருஷம் கழிச்சு எப்படிப் பாம்புக்குழியில தள்ள முடியும்?

இந்த மாதிரி இடிக்கிற இடத்துலதான் ஆராய்ச்சிக்காரங்க வேலையே ஆரம்பிக்குது. முதல்ல அவங்க பாக்கறது யார் எழுதினான், சம்பவம் நடந்து எத்தனை வருஷம் கழிச்சு எழுதினான், யாருக்காக எழுதினான்கிறதுதான். ராக்னார் விஷயத்துல அந்த கணக்கைப் போட்டுப் பாத்தா அவன் கண்ணு முன்னாடியே கரையறான். லோத்புரோக்குங்கிற பேரு எழுத்துல தலைகாட்டுறது 1070 வாக்குல, வடக்கு ஃபிரான்ஸ்ல நார்மண்டியில ஒருத்தரும் ஜெர்மனியில பிரேமன் நகரத்து ஆடம்னு ஒருத்தரும் எழுதினதுல, அதுவும் ராஜாவா இருந்த ஒருத்தனோட அப்பான்னு சும்மா ஒரு வரி. அதுக்கு அப்புறம் 1200 வாக்குல டென்மார்க்ல சாக்ஸோங்கிற வரலாற்று ஆசிரியர் எழுதறார், 13-ம் நூற்றாண்டுல ஐஸ்லாந்து சாகா (பழைய வீரர்களைப் பத்தின நீளமான உரைநடைக் கதை) வருது, இப்ப பாத்தா அவனுக்குப் பொண்டாட்டிங்க, டிராகன் மாதிரி பாம்பைக் கொன்ன கதை, சாகும்போது சொன்ன வசனம் வரைக்கும் எல்லாம் இருக்கு. காலம் போகப் போக தகவல் கூடிக்கிட்டே போகுதுன்னா அது ஞாபகம் இல்ல, கற்பனை. நடந்ததுக்கு நானூறு வருஷம் தள்ளி எழுதறவனுக்கு பக்கத்துலயே இருந்தவனை விட அதிகமா எப்படித் தெரியும்?

ஆனா ராக்னாரோட "மகன்கள்"னு சொல்ற ஆளுங்க கதை வேற. 865-ல கிழக்கு இங்கிலாந்துல இறங்கின வைக்கிங் பெரும்படையும், அதோட தலைவர்கள் இவார், ஹால்ஃப்டன், அவங்க சகோதரன்னு ஒருத்தனும் ஆங்கிலோ-சாக்சன் குரோனிக்கிள்ங்கிற இங்கிலாந்து ஆண்டுக் குறிப்புல இருக்காங்க, ஹால்ஃப்டன் பேர்ல நாணயமே கிடைச்சிருக்கு. அயர்லாந்து ஆண்டுக் குறிப்புல 873-ல ஈமார்ன்னு ஒருத்தன் செத்தான்னு இருக்கு, அயர்லாந்து பிரிட்டன் முழுக்க இருந்த வடக்கத்தியாருக்கு, அதாவது வைக்கிங்ஸுக்கு, ராஜான்னு எழுதியிருக்காங்க, அவனும் இவாரும் ஒரே ஆள்னுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறாங்க. சாகாவுல இவார் எலும்பே இல்லாதவன், ஆளுங்க தூக்கிக்கிட்டுத்தான் போவாங்க. அயர்லாந்து குறிப்புல அப்படி ஒரு வார்த்தை கூட இல்ல, அவன் வருஷக்கணக்கா போர்ல இருந்தான்னுதான் இருக்கு. என் கணிப்பு, உண்மையான பிள்ளைங்க பேரு ஊரெல்லாம் பரவினதும் அவங்களுக்குத் தகுந்த ஒரு அப்பா தேவைப்பட்டான், அங்கங்க கிடந்த ரெஜின்ஹெரி மாதிரி பேருங்களை எல்லாம் சேத்து ஒரு ஆளா தைச்சிட்டாங்க.

அப்பனுக்குப் பழிவாங்க ஏல்லாவை "ரத்தக் கழுகு" பண்ணி கொன்னாங்கங்கிறது இதைவிட சுவாரஸ்யம். முதுகைக் கிழிச்சு விலா எலும்பை ரெக்கை மாதிரி விரிச்சு நுரையீரலை வெளிய இழுக்கிறதாம். இதுக்கு இருக்கற பழைய ஆதாரம் 1030-கள் வாக்குல சிக்வாட்ரங்கிற அரசவைக் கவிஞர் பாடின ஒரு பாட்டுல வர்ற சில வார்த்தைதான், யார்க்கில் இருந்த இவார் ஏல்லாவோட முதுகைக் கழுகால் கிழிக்க வச்சான்னு. இந்த மாதிரி பாட்டுங்களுக்கு ஆய்வாளர்கள் தனி மரியாதை குடுப்பாங்க, ஏன்னா மோனையும் எதுகையும் இறுக்கமா கட்டின பாட்டுல ஒரு வார்த்தையை மாத்தினா கூட ஓசை உடைஞ்சிடும், அதனால வாய் வழியா நூறு வருஷம் வந்தாலும் உரைநடை மாதிரி அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆனா அதே இறுக்கத்தால அர்த்தம் ரெண்டு பக்கமும் போகும். எதிரியைக் கொன்னு கழுகுக்கு இரை போட்டான்னு பாடறது அந்தக் கவிஞர்களோட வழக்கம், இங்கயும் பொணத்து மேல கழுகு உக்காந்து கொத்துச்சுன்னுதான் அர்த்தமா இருக்கலாம்னு ராபர்ட்டா ஃபிராங்க்கங்கிற அறிஞர் 1984-ல எழுதினாங்க. அப்புறம் வரிசையா பாருங்க, சாக்ஸோவுல முதுகுல கழுகு உருவம் செதுக்கி உப்பு தடவறாங்க, அதுக்கும் பின்னாடி வந்த ஐஸ்லாந்து கதையிலதான் விலா எலும்பும் நுரையீரலும் வருது. கொடுமை ஒவ்வொரு படியா ஏறுது. சமீபத்துல உடற்கூறு தெரிஞ்சவங்க சேந்து ஆராய்ஞ்சு, இதைச் செய்ய முடியும் ஆனா ஆளு பாதியிலயே செத்துடுவான்னு சொன்னாங்க. செய்ய முடியும்கிறதும் செஞ்சாங்கங்கிறதும் ஒண்ணு இல்லையே. குரோனிக்கிள்ல 867-ல யார்க் சண்டையில ஏல்லா அங்கேயே கொல்லப்பட்டான்னு மட்டும்தான் இருக்கு, நான் அதைத்தான் நம்பறேன்.

சில சமயம் சாகா சொல்றதுல பாதி உண்மைன்னும் தெரிய வரும். 1066 செப்டம்பர் 25-ல ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ்ல விழுந்த நார்வே ராஜா ஹரால்ட் ஹார்ட்ராடா இளவயசுல பைசாண்டிய (கிழக்கு ரோம) சக்கரவர்த்திக்கு கூலிப்படையில இருந்தான்னு சாகாங்க சொல்லுது. சிசிலியில ஒரு கோட்டையைப் பிடிக்க ஊருக்குள்ள கூடு கட்டின குருவிங்களைப் புடிச்சு முதுகுல நெருப்பு கட்டி விட்டானாம், ஊரே எரிஞ்சுதாம். இதே தந்திரம் கீவ் ராணி ஓல்கா பேர்லயும் ரஷ்ய வரலாற்றுக் குறிப்புல இருக்கு, ஒரே கதை ஊர் ஊரா சுத்துதுன்னா அது யாருக்கும் சொந்தமில்லாத சரக்கு, ஓரமா வச்சிடணும். ஆனா கிரேக்க மொழியில 1070-கள்ல கெகாவ்மெனோஸ்ங்கிற படைக்காரர் எழுதின ஒரு புத்தகத்துல, அரால்டெஸ்னு (ஹரால்டை கிரேக்கத்துல எழுதின விதம்) ஒரு இளவரசன் 500 வீரரோட வந்தான், சிசிலியில சண்டை போட்டான், பல்கேரியாவுலயும் போட்டான், ஸ்பதாரோகாண்டிடாடோஸ்ங்கிற சாதாரண பட்டம் குடுத்தாங்கன்னு இருக்கு. பல்கேரியா போர்ல தானும் இருந்ததா சொல்றார். இவரு ஐஸ்லாந்து சாகாவைப் படிச்சிருக்க வாய்ப்பே இல்ல, சாகா எழுதினவங்களும் இவர் புத்தகத்தைப் பாத்திருக்க மாட்டாங்க, அப்படி ஒருத்தருக்கொருத்தர் தெரியாத ரெண்டு சாட்சி ஒரே விஷயத்தைச் சொன்னா அதை அசைக்கவே முடியாது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும், வெளிநாட்டுக்காரனுக்குப் பெரிய பதவி குடுக்காதீங்கன்னு சக்கரவர்த்திக்கு புத்தி சொல்லத்தான் அவர் இதை எழுதறார், அதனால பட்டம் சின்னதுன்னு அழுத்திச் சொல்ல அவருக்கும் காரணம் இருக்கு.

எழுத்து போற வரைக்கும் போயாச்சு, அடுத்தது மண்ணு. இங்கிலாந்துல ரெப்டன்கிற ஊர்ல பெரும்படை 873-74 குளிர்காலத்துல தங்கினதா குரோனிக்கிள் சொல்லுது. அங்க 1970-80-கள்ல தோண்டினப்ப குறைஞ்சது 264 பேரோட எலும்பு ஒரே மேட்டுக்கடியில கிடைச்சுது, கூடவே 870-கள் நாணயமும் இருந்துச்சு. ஆனா கார்பன் டேட்டிங் (எலும்புல மிச்சம் இருக்கற கார்பன்-14-ங்கிற கதிரியக்க கார்பனை வச்சு வயசு கணக்குப் பண்றது) பண்ணா சில எலும்பு 7-ம், 8-ம் நூற்றாண்டுன்னு வந்துச்சு, அப்ப வைக்கிங் படையே கிடையாது, அதனால ரொம்ப வருஷம் இது சந்தேகத்துலயே கிடந்தது. காரணம் அவங்க சாப்பாட்டுல இருந்துச்சு. கடல் ஆழத்துல இருக்கற கார்பன் ரொம்ப காலமா காத்தோட கலக்காம பழசாயிருக்கும், அந்த கார்பன் மீனுக்குப் போகும், மீனை நிறைய சாப்பிடறவன் எலும்புக்கும் போகும், டேட்டிங் பண்ணா அவன் செத்து கூட நூறு இருநூறு வருஷம் ஆன மாதிரி காட்டும். எலும்புல இருக்கற கார்பன், நைட்ரஜன் ஐசோடோப் (ஒரே தனிமத்தோட எடை வேறான வகைகள்) அளவை வச்சு எவ்வளவு கடல் சாப்பாடுன்னு கணக்குப் பண்ணி, அதைக் கழிச்சுப் பாத்தா தேதி எல்லாம் 870-களுக்குப் பொருந்தி வந்துச்சு, 2018-ல கேட் ஜார்மன் குழு இதை வெளியிட்டாங்க. 1680-கள்ல அதே மேட்டைத் தோண்டின ஒரு கூலியாளு நடுவுல ஒன்பது அடி ராட்சத எலும்புக்கூடைப் பாத்ததா சொல்லியிருக்கான், 1970-80-கள்ல தோண்டின ஆராய்ச்சிக்காரங்க அது இவாரா இருக்கலாம்னு நினைச்சாங்க. படை வந்தது உறுதி, இவார் அங்க படுத்திருந்தான்கிறது அப்படி இல்ல.

கனடாவுல வைக்கிங்ஸ் தங்கின லான்ஸ் ஓ மெடோஸ்ங்கிற இடத்துல இதைவிடத் துல்லியமா ஒண்ணு நடந்துச்சு. 993-ல விண்வெளியிலிருந்து கதிர்வீச்சு திடீர்னு கூடினதால அந்த வருஷத்து மரவளையத்துல உலகம் முழுக்க கார்பன்-14 எகிறியிருக்கு. வைக்கிங்ஸ் இரும்புக் கருவியால வெட்டிப் போட்ட மூணு மரத்துண்டுல அந்த வளையத்தைக் கண்டுபிடிச்சு அங்கேருந்து பட்டை வரைக்கும் எண்ணினாங்க, 28 வளையம், மூணுலயும் 1021-னு வந்துச்சு. சாகா லீஃப் எரிக்சன்கிற வைக்கிங் மாலுமியை 1000 வாக்குல அங்க கொண்டு போகுது. மரத்தை வெட்டினது எந்த வருஷம்னு தெரியுது, கோடாலியைப் பிடிச்சது லீஃபா, பின்னாடி வந்த வேற கூட்டமான்னு மரம் சொல்லாது.

நார்மண்டியை ஆண்ட வைக்கிங் தலைவன் ரோலோ டென்மார்க்காரனா நார்வேக்காரனாங்கிற சண்டையையும் இப்படித்தான் தீர்க்கப் பாத்தாங்க. அவன் பேரனும் கொள்ளுப்பேரனும் புதைஞ்சதா சொல்ற பெட்டியை நார்மண்டியில ஃபெகாம்ப்கிற ஊர்ல 2016-ல திறந்தாங்க, டிஎன்ஏ எடுத்து ஒப்பிடலாம்னு. எலும்பு கிடைச்சுது, டேட்டிங் பண்ணாங்க, ரெண்டுமே ரோலோ பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடி செத்த வேற யாரோட எலும்போ.