ஏற்றுமதியாளருக்கு மாட்ரிட் டிரேட்மார்க்: விண்ணப்பம் போடும் முன் பார்க்க வேண்டியவை

உள்நாட்டில் டிரேட்மார்க் (வணிகக் குறி) பதிந்தாயிற்று, சரக்கு எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் பெயர் நம்முடையதுதான் என்று நம்பி ஏற்றுமதி செய்கிறவர்கள் இன்னும் நிறைய பேர். அந்தச் சான்றிதழ் எல்லை தாண்டாது. பல நாடுகளில் முதலில் விண்ணப்பம் போட்டவருக்கே பெயர். அப்படி முந்திக்கொள்கிறவர் பல சமயம் உங்கள் சரக்கை வாங்கி விற்கும் விநியோகஸ்தராகவே இருப்பார். உறவு கசந்ததும் உங்கள் கன்டெய்னரையே போலி என்று சொல்லிச் சுங்கத்தில் நிறுத்திவிடுவார். முகவர் தன் பெயரில் பதிந்துகொள்வதை எதிர்க்க, டிரேட்மார்க், காப்புரிமை போன்றவற்றுக்கான பாரிஸ் உடன்படிக்கையில் வழி உண்டு. ஆனால் அந்த வழக்கு முடியும்வரை சரக்கு கிடங்கில் கிடக்கும், வாடகை ஏறும்.

இதைத் தவிர்க்க இருப்பதுதான் மாட்ரிட் முறை. அதன் உறுப்பு நாட்டில் குடியுரிமையோ, வசிப்பிடமோ, நிஜமாக இயங்கும் தொழிலகமோ இருந்தால் போதும்; உள்நாட்டு விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையாக வைத்து, எம்எம்2 என்ற ஒரே படிவத்தில் வேண்டிய நாடுகளைக் குறிக்கலாம். ஜெனீவாவில் உள்ள வைப்போ (உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு) அதைப் பதிவு செய்யும். ஆயுள் 10 ஆண்டு, பிறகு புதுப்பிக்கலாம்.

படிவம் எளிது. சிக்குவது அதற்கு முன்னால்.

உள்நாட்டுப் பதிவில் உள்ள உரிமையாளர் பெயரும் சர்வதேச விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். குறி முதலாளியின் சொந்தப் பெயரில், ஏற்றுமதி கம்பெனி பெயரில் என்று இருந்தால் முதலில் உள்நாட்டில் உரிமை மாற்றம் செய்யுங்கள். குறியும் அச்சு அசலாக அதேதான். உள்ளூர் எழுத்தில் பதிந்துவிட்டு வெளிநாட்டுப் பெட்டியில் லத்தீன் எழுத்தில் அடிக்கிறவர்கள், லத்தீன் வடிவத்துக்கு உள்நாட்டிலேயே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உள்நாட்டில் வண்ணத்துக்கு உரிமை கோரியிருந்தால் இங்கும் கோர வேண்டும். அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக்கு 653 ஸ்விஸ் பிராங்க், வண்ணத்துக்கு 903. நாடுவாரிக் கட்டணம் தனி. எந்த நாடு மறுத்தாலும் கட்டியது கட்டியதுதான்.

பொருள் பட்டியலை உள்நாட்டுப் பதிவில் இருப்பதைவிட விரிக்க முடியாது, சுருக்கலாம். மொட்டையாக எழுதினால் வைப்போ குறை சுட்டிக் கடிதம் அனுப்பும், 3 மாத அவகாசம். நகல் உங்களுக்கும் வரும். நீங்களே பதில் எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்: பொருள் வகைப்பாடு பற்றிய குறைக்கு உள்நாட்டு டிரேட்மார்க் அலுவலகம் வழியாகத்தான் பதில் போக வேண்டும். அந்தக் கோப்பு மேசையில் தூங்கினால் தவணை உங்களுக்காக நிற்காது. விடாமல் கேட்டு, அனுப்பிய தேதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்துக்கும் இதே கதை. உள்நாட்டு அலுவலகத்தில் கொடுத்த தேதியே கணக்கில் நிற்க வேண்டுமானால் 2 மாதத்துக்குள் அது ஜெனீவா போய்ச் சேர வேண்டும். உள்நாட்டில் முதன்முதலாக விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் போட்டால் அந்தப் பழைய தேதியே முன்னுரிமையாகக் கிடைக்கும். கோட்டை விட்டால் இடையில் நுழைந்தவருக்கு லாபம்.

அடுத்தது 5 ஆண்டு ஆபத்து. சர்வதேசப் பதிவு தேதியிலிருந்து 5 ஆண்டுக்குள் உள்நாட்டுக் குறி நிராகரிக்கப்பட்டாலோ ரத்தானாலோ, குறித்த எல்லா நாட்டிலும் சர்வதேசப் பதிவும் அதே அளவுக்கு விழும். ஆகவே உள்நாட்டில் ஆட்சேபம் நிலுவையில் உள்ள குறியை வைத்து இருபது நாட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். முக்கியமான ஒன்றிரண்டு சந்தையில் நேரடியாகப் பதிவதே மேல். விழுந்த பின் 3 மாதத்துக்குள் நாடு நாடாக விண்ணப்பம் போட்டுப் பழைய தேதியைக் காப்பாற்றலாம். செலவு மறுபடி முதலிலிருந்து.

பதிவு எண் வந்ததும் எல்லா நாட்டிலும் பாதுகாப்பு வந்துவிட்டதாகப் பலர் கொண்டாடுகிறார்கள். இல்லை. ஒவ்வொரு நாடும் 12 அல்லது 18 மாதத்துக்குள் மறுக்கலாம். மறுப்பு வந்தால் பதில் அந்த நாட்டு அலுவலகத்துக்குப் போக வேண்டும், பெரும்பாலும் அங்குள்ள வழக்கறிஞர் மூலம். வைப்போவுக்குப் பதில் அனுப்பிவிட்டுத் தவணையைத் தொலைத்தவர்கள் உண்டு. முகவரின் மின்னஞ்சல் மட்டும் கொடுத்திருந்தால் அவர் விலகும்போது அறிவிப்பும் உங்களை எட்டாது.

நாடுகளைக் குறிக்கும்போது கவனம். சீனாவைக் குறித்தால் ஹாங்காங் அடங்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போது பிரிட்டன் இல்லை. தைவானுக்கு நேரடியாகத்தான் போக வேண்டும். அமெரிக்காவுக்கு, குறியைப் பயன்படுத்தும் எண்ணம் உண்டு என்று சொல்லும் எம்எம்18 படிவமும் சேர வேண்டும். அங்கே பாதுகாப்பு கிடைத்த 5ஆம் ஆண்டுக்கும் 6ஆம் ஆண்டுக்கும் இடையில், குறியைப் பயன்படுத்துவதாக அமெரிக்க அலுவலகத்திலேயே உறுதிமொழி தர வேண்டும். வைப்போவில் புதுப்பிப்பது அதற்கு ஈடாகாது.

சுங்கத்துக்கு இந்தப் பதிவு தானாகத் தெரியாது. போலியை நிறுத்தப் பல நாடுகளில் சுங்கத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் (அறிவுசார் சொத்துரிமை) ஒப்பந்தப்படி சரக்கை நிறுத்தினால் 10 வேலை நாளுக்குள் வழக்குத் தொடங்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் 10 வேலை நாள் நீட்டலாம். அதற்குள் ஆவணம் தயாராக இல்லையென்றால் போலி வெளியே போய்விடும். சீனாவில் ஏற்றுமதிச் சரக்கையும் பரிசோதிப்பார்கள். அங்கே உற்பத்தி மட்டும் செய்து வேறு நாட்டில் விற்கிறவரும் அங்கே பதிந்தாக வேண்டும்.

காப்புரிமை (பேடன்ட்) வேறு சமாச்சாரம். அதற்கு முன்னுரிமைக் காலம் 12 மாதம். விண்ணப்பத்துக்கு முன் கண்காட்சியில் பொருளைக் காட்டினாலே பல நாடுகளில் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடும்.

பதிவு வெளியானதும் அரசு முத்திரை போன்ற சின்னத்தோடு 'பட்டியலில் சேர்க்கக் கட்டணம்' கேட்டுக் கடிதங்கள் வரும். பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்து அனுப்பும் ஏமாற்று அது. உங்கள் பதிவு எண் சரியாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது எல்லோரும் பார்க்கக்கூடிய எண். வைப்போவிடமோ உங்கள் வழக்கறிஞரிடமோ கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.